அத்தாவின் மில்லிங் இயந்திரமும் நாற்பது பங்குகளும்



எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் இடையில், ஒன்பது ஆண்டுகளாக ஒரு பொருள் தார்ப்பாயால் மூடப்பட்டுக் கிடந்தது. மழைக்காலத்தில் தார்ப்பாயின் மடிப்பில் நீர் தேங்கும். கோடையில் அதன் மேல் வற்றல் காயும். பிள்ளைகள் அதைக் 'கல்' என்றே அழைத்து வந்தார்கள். அது கல்லன்று, என் தந்தையார் முப்பது ஆண்டுகள் உழைத்துச் சோறு போட்ட சிறிய மில்லிங் இயந்திரம்.

கோயம்புத்தூரில் வளர்ந்தவர்களுக்கு இத்தகைய இயந்திரங்கள் புதியன அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை இங்கே முதல் நூற்பாலையை நிறுவினார். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் ஆலைகள் பெருகின. ஆலைகள் பெருகியபோது, அவற்றின் தேய்ந்த பாகங்களைச் செய்து தரும் பட்டறைகளும் பெருகின. அத்தா அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் பதினைந்து வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, டர்னராகி, பின்பு சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்தார். மூடப்பட்ட ஆலையொன்றின் பழைய பொருள்களை ஏலம் விட்டபோது இந்த இயந்திரத்தை வாங்கினார். இங்கிலாந்தில் வார்க்கப்பட்டது என்று சொல்வார். பெயர்த்தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. மேசையின் நீளம் இரண்டடி, அகலம் ஆறு அங்குலம். எடை ஏறத்தாழ இருநூற்றெண்பது கிலோ. கட்டர் படுக்கைவாட்டில் மாட்டப்பட்ட தண்டில் சுழலும். மேசை அதன் கீழே நகரும். லேத்தில் பொருள் சுழல, கருவி நிற்கும். மில்லிங்கில் கருவி சுழல, பொருள் நகரும். சிறுவயதில் அத்தா எனக்குச் சொன்ன முதல் தொழிற்பாடம் இதுதான்.

பதினேழு வயதுவரை விடுமுறை நாள்களில் அவருடன் பட்டறையில் நின்றேன். பின்பு அரபுப் பாடசாலைக்குச் சென்றேன். எண்ணெய்க் கறை படிந்த கைகளிலிருந்து கிதாபுகளைப் பிடிக்கும் கைகளுக்கு மாறியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் உக்கடத்திலிருந்து வந்தார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, கிலோ முப்பத்தைந்து ரூபாய் என்றார். 9,800 ரூபாய். ரமலான் செலவுக்கு உதவுமே என்று மனம் ஆசைப்பட்டது. ஆனால் அவர் போன பின், துருவேறிய கைச்சக்கரத்தைத் தொட்டேன். கைப்பிடியின் மரம் அத்தாவின் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தது. விற்க மனம் வரவில்லை. இதைச் சீர்செய்து ஓட்டுவோம், பம்புத் தண்டுகளுக்குக் கீவே வெட்டிக் கொடுத்தால் கூட மாதம் ஒரு சிறு வருமானம் கிடைக்கும் என்று முடிவு செய்தேன். காலை மத்ரஸா எட்டரை மணிக்கு முடியும். மாலை வகுப்பு அஸருக்குப் பின்தான். இடையில் நேரம் இருந்தது.

மறுநாளே பிரிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்தேன். திருகுகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் டப்பாக்களில் இட்டு எழுதி வைத்தேன். இறுகிப்போன மரைகளுக்கு இரவெல்லாம் மண்ணெண்ணெய் விட்டேன். பத்து நாள்களில் இயந்திரம் முழுவதும் திண்ணையில் துண்டு துண்டாகப் பரவிக் கிடந்தது.

அந்த வாரம் பெரிய மாணவர்களுக்கு மீராஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறந்தவர் விட்டுச் சென்றது சொற்பமோ அதிகமோ, அதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்குண்டு என்று சூரத்துன் நிஸா கூறுவதை விளக்கினேன். பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்.

"உஸ்தாத், தையல் மிஷின் மாதிரி பழைய சாமானையும் பங்கு வைக்கணுமா?"

"ஊசியாயிருந்தாலும் வைக்க வேண்டும்" என்று தயங்காமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் நாக்கு உலர்ந்தது.

அத்தா வஃபாத்தானபோது அவருடைய கடன்களை முதலில் அடைத்தோம். வங்கியில் இருந்த சிறு தொகையை நானே கணக்கிட்டு முறைப்படி பிரித்தேன். வீட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். பட்டறை வாடகை இடம். லேத் அதற்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. இந்த இயந்திரம் மட்டும் வண்டியில் ஏற்றப்பட்டு என் வீட்டுக்கு வந்தது. 'கிடக்கட்டும்' என்று நானும் சொன்னேன், தம்பியும் சொன்னான். பெண்களை யாரும் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பிறர் சொத்தை என் கொல்லையில் வைத்திருந்தேன். இப்போது அவர்களைக் கேளாமலே பிரித்தும் போட்டுவிட்டேன். இருபது ஆண்டுகளாகப் பாகப்பிரிவினை கற்பிக்கும் மனிதனின் நிலை இது.

அன்றிரவு ஒரு தாளை எடுத்தேன். வாரிசுகள்: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ள எட்டில் ஏழை மகன்களுக்கு இரண்டிரண்டும் மகளுக்கு ஒன்றுமாக ஐந்தாக வகுக்க வேண்டும். எட்டையும் ஐந்தையும் பெருக்கினால் நாற்பது. அம்மாவுக்கு 5, எனக்கு 14, தம்பிக்கு 14, தங்கைக்கு 7. நாற்பதில் பதினான்கு மட்டுமே என்னுடையது.

கணக்கு எளிது, விலைதான் கடினம். இரும்புக்காரர் சொன்ன 9,800 ரூபாயை அடிப்படையாகக் கொண்டால் மற்ற மூவருக்கும் நான் தர வேண்டியது ஆறாயிரத்துச் சொச்சம். அவர்களும் மறுக்கப் போவதில்லை. ஷைத்தான் மனிதனிடம் எப்போதும் பெரிய திருட்டைக் கேட்பதில்லை. தனக்குச் சாதகமான விலையை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறான். இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு இருந்தேன். மூன்றாம் நாள் சுபுஹுக்குப் பின், பழைய இயந்திரங்கள் விற்கும் ஒரு பெரியவரைக் கணபதியிலிருந்து அழைத்து வந்தேன். அவர் ஒவ்வொரு பாகத்தையும் தட்டிப் பார்த்தார். ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினார். "வார்ப்புல விரிசல் இல்லைங்க. இருக்கிற நிலைமையிலேயே முப்பத்திரண்டாயிரம் போகும்" என்றார்.

32,000 ரூபாய். ஒரு பங்குக்கு 800. அம்மாவுக்கு 4,000, தம்பிக்கு 11,200, தங்கைக்கு 5,600. மொத்தம் 20,800 ரூபாய் நான் தர வேண்டும். என் மாதச் சம்பளத்தை விட அதிகம். கையில் இருந்ததைக் கொண்டு அம்மாவுக்கும் தங்கைக்கும் முதலில் கொடுப்பது, தம்பிக்கு மூன்று தவணை என்று எழுத்து வைத்துக்கொள்வது எனத் தீர்மானித்தேன். அதற்கும் முதலில் அவர்கள் விற்கச் சம்மதிக்க வேண்டும்.

தம்பி துபாயிலிருந்து, "எனக்கு எதுவும் வேண்டாம், என் பங்கை அம்மாவுக்கே கொடுத்துடுங்க" என்றான். அம்மாவின் கையில் அவருடைய பங்கைக் கொடுத்தபோது நோட்டுகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல எனக்கும் பங்கு இருக்குன்னு இவ்வளவு நாள் யாரும் சொல்லலையேப்பா" என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தங்கை திருப்பூரில் வசிக்கிறாள். கணவரை இழந்தபின் வீட்டிலேயே தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைக்கிறாள். தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அண்ணா, நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்லணுமா?"

நம் சமுதாயத்தில் எத்தனை சகோதரிகள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே 'விட்டுக்கொடுத்தேன்' என்று சொல்லியிருப்பார்கள் என்று அந்தக் கணத்தில் நினைத்துக்கொண்டேன். மனமார விட்டுக்கொடுப்பது வேறு. அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடுமோ என்று அஞ்சி விட்டுக்கொடுப்பது வேறு.

"வேண்டாம்மா. உன் ஹக்கு. வாங்கிக்கொண்டு விற்றதாகச் சொல், போதும்" என்றேன்.

"வித்துட்டேண்ணா" என்றாள். அதன் பிறகும் ஏதோ சொல்ல வந்தவள் போல நிறுத்தி, வைத்துவிட்டாள்.

இவ்வாறு இயந்திரம் எனக்கு உரியதான பின்புதான் துணிவோடு கை வைத்தேன்.

முதல் வேலை துரு. சிறு பாகங்களைப் பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரில் தொங்கவிட்டேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்தோடும், நேர்முனையைப் பயனற்ற இரும்புத் துண்டோடும் இணைத்தேன். ஓரிரவில் துரு கறுத்துத் தூளாகிவிடும். தூரிகையால் தேய்த்தால் கழன்றுவிடும். இதைச் செய்ய விரும்புவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். நேர்முனையில் எவர்சில்வரைப் போடக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். பெரிய வார்ப்புகளை மண்ணெண்ணெயாலும் எமரித் தாளாலும், தங்கை அனுப்பிய பனியன் வேஸ்ட் துணியாலும் துடைத்தேன். ஆனால் மேசை நழுவும் பரப்புகளில் எமரித் தாள் படவே விடவில்லை. அதன் துகள் இடுக்குகளில் தங்கினால் பின்பு வருடக்கணக்கில் உலோகத்தைத் தின்னும். அங்கே எண்ணெய்க்கல்லால் பிசிறுகளை மட்டும் எடுத்தேன்.

பழைய மில்லிங் இயந்திரத்தில் மேசையின் வழித்தடம் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். வேலை பெரும்பாலும் நடுவில்தானே நடக்கிறது. ஆதலால் ஜிப்பை நடுவுக்கு ஏற்ப இறுக்கினால் இரு ஓரங்களிலும் மேசை பிடித்துக்கொள்ளும். ஓரங்களுக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடும். முழுவதையும் சுரண்டிச் சமன் செய்வது கைதேர்ந்த ஃபிட்டரின் வேலை. என் கைக்கு அது கூடாது. ஓரத்தில் சற்றுக் கனமாக நகரும் அளவில் நிறுத்தினேன்.

அடுத்தது திருகாணி. அங்குலத்துக்குப் பத்து மரை. கைச்சக்கரத்தில் நூறு கோடுகள். ஒரு கோடு என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சக்கரத்தைத் திசைமாற்றிச் சுழற்றினால் பதினெட்டுக் கோடுகள் கடந்த பின்புதான் மேசை அசைந்தது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வீண் ஓட்டம். திருகாணி நன்றாக இருந்தது. அதன் நட்டுதான் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் கன்மெட்டலில் புது நட்டு செய்து மாட்டினேன். இப்போது நான்கு கோடுகள். இந்த வீண் ஓட்டம் இருக்கும் வரை கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே மேசையை ஊட்ட வேண்டும். அதே திசையில் ஊட்டினால் கட்டர் பல் பொருளைத் தன்பக்கம் இழுத்து, ஆர்பரையே வளைத்துவிடக்கூடும்.

ஸ்பிண்டிலைக் கழற்றிப் பேரிங்குகளைக் கழுவினேன். முன்புறம் மட்டும் புதிது போட வேண்டியிருந்தது. அளவாக இறுக்கி அரைமணி நேரம் ஓட்டி, தொட்டால் கை பொறுக்கும் சூடு இருக்கும்படி வைத்தேன். டயல் வைத்துப் பார்த்ததில் உட்கூம்பின் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அல்ஹம்துலில்லாஹ், அத்தா அதை நன்றாகவே காத்திருந்தார்.

மின்சாரம் இன்னொரு தடை. பட்டறையில் மும்முனை மின்சாரம், வீட்டிலோ ஒருமுனை. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அதன் ஆறு முனைகளும் வெளியே இருந்தன; தகட்டில் இரண்டு மின்னழுத்தமும் குறிக்கப்பட்டிருந்தது. எனவே 415 வோல்ட்டுக்கான ஸ்டார் இணைப்பை 230 வோல்ட்டுக்கான டெல்டாவாக மாற்றி, ஒருமுனையை மும்முனையாக்கும் ஒரு டிரைவ் பெட்டியோடு சேர்த்தார்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் சுவிட்ச் வைக்கக் கூடாது, எர்த் கம்பி இல்லாமல் ஓட்டவே கூடாது என்று கடைக்காரர் மூன்று முறை சொன்னார். மற்றொரு பாதுகாப்பு எனக்கே உரியது: ஜிப்பாவை ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்கை பனியனோடுதான் இயந்திரத்தை நெருங்குவேன். சுழலும் ஆர்பருக்கு நீண்ட கை ஆபத்து, கையுறையும் ஆபத்தே.

இனித் துணைக்கருவிகள். அத்தாவின் தகரப் பெட்டியில் கிரீஸ் தாளில் சுற்றிய ஒன்பது கட்டர்கள் கிடைத்தன. மழுங்கியவற்றைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். நான்கு அங்குல வைஸ் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். அதன் நிலைத்தாடையை டயல் வைத்து மேசைக்கு நேராக்கினேன். பொருளைப் பிடிக்கும் கிளாம்புகளை இயந்திரத்தின் முதல் வேலையாக நானே வெட்டினேன். எழுபத்தைந்து மில்லிமீட்டர் கட்டர், நிமிடத்துக்கு நூறு சுற்று. மெல்லிய இரும்புச் சுருள்கள் தட்டில் விழுந்தன. அந்த எரிந்த எண்ணெய் வாசனை முப்பது ஆண்டுகளைத் திருப்பித் தந்தது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை: டிவைடிங் ஹெட். வட்டத்தைச் சம பாகங்களாக வகுத்துப் பல்சக்கரம் வெட்ட உதவும் கருவி. அத்தாவிடம் இருந்தது நன்றாக நினைவிருந்தது. தொலைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

துல்ஹஜ் விடுமுறையில் தங்கை வந்தாள். ஒரு கனமான பையைத் திண்ணையில் வைத்தாள். அரிசிச் சாக்கில் சுற்றப்பட்டு அதே டிவைடிங் ஹெட்! மூன்று துளைத்தகடுகளும் இருந்தன.

"பட்டறையைக் காலி பண்ணினப்போ யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போனேண்ணா. அத்தா ஞாபகமா வெச்சுக்கலாம்னு. நீங்க பங்கு கணக்குச் சொன்ன அன்னைக்கே சொல்ல வந்தேன், வெட்கமா இருந்தது. இதையும் கணக்குல சேருங்க."

அப்போதுதான் அவளைப் பற்றி நான் மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் அரபுப் பாடசாலைக்குப் போன பின்பு, பள்ளிவிட்டு வந்து பட்டறையில் நின்றவள் அவள். அத்தா பல் வெட்டும்போது சுற்றுகளை உரக்க எண்ணுவது அவள் வேலை. இயந்திரம் இரு மகன்களுக்கு உரியது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்; அதன் மொழி தெரிந்தவள் அவளாக இருந்தாள்.

அதே கணபதிப் பெரியவர் அந்தக் கருவிக்கு 8,000 ரூபாய் மதிப்பிட்டார். மீண்டும் நாற்பது பங்கு, பங்குக்கு 200. இம்முறை எங்களுக்குத் தர வேண்டியவள் அவள். அம்மாவுக்கு 1,000, எனக்கும் தம்பிக்கும் 2,800 வீதம். தம்பியும் நானும் எங்கள் பங்குகளை அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தோம். அம்மாவின் ஆயிரத்தை அவள் கையாலேயே கொடுக்கச் சொன்னேன். கருவி முழுவதும் அவளுடையதாயிற்று. வேலை வரும்போது அவளிடம் வாடகைக்கு எடுப்பதாக ஒப்பந்தம்.

முதல் வேலையும் அவள் கொண்டு வந்ததே. பக்கத்து வீட்டு விசைத்தறியில் துணி சுருட்டும் பகுதியின் மாற்றுச் சக்கரம் பல் உடைந்திருந்தது, இருபத்தெட்டுப் பல். வார்ப்பிரும்பு வட்டை லேத்தில் கடைந்து வாங்கினோம். இருபத்தாறு முதல் முப்பத்து நான்கு பல் வரை வெட்டும் நான்காம் எண் கட்டர் அத்தாவின் பெட்டியில் இருந்தது. சக்கரத்தின் அளவுக்கும் பொருந்தியது.

"கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும், தெரியுமாண்ணா?" என்று கேட்டாள் தங்கை.

"நாற்பது" என்றேன். சொன்ன பின்பு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆம், அந்தக் கருவியின் உள்ளே நாற்பது பல்லுள்ள சக்கரமும் ஒற்றைப்புரி திருகும் உள்ளன. நாற்பதை இருபத்தெட்டால் வகுத்தால் ஒன்றும், ஏழில் மூன்றும். இருபத்தொரு துளைகள் கொண்ட வட்டத்தில் ஒரு முழுச் சுற்றும் ஒன்பது துளைகளும். ஒரு துளை தவறினாலும் முதல் பல்லும் கடைசிப் பல்லும் சேராது. தவறு நிகழ்ந்த இடத்தில் அது தெரியாது. வட்டம் முடியும் இடத்தில்தான் தெரியும்.

நம் முன்னோர் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். அல்ஜஸரி 1206-இல் எழுதிய நூலில் நீர்க் கடிகாரங்களும் பல்சக்கரங்களும் விரிவாக உள்ளன. ஹிஜ்ரி 618-இல் இஸ்ஃபஹானில் செய்யப்பட்ட, பல்சக்கரங்களால் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் அஸ்தர்லாப் ஒன்று இன்றும் ஆக்ஸ்போர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இத்தகைய இயந்திரம் இல்லாத காலத்தில் அந்தப் பற்களை வகுத்தவர்களின் பொறுமையை, கைப்பிடியைச் சுற்றிய அன்று சற்றே உணர்ந்தேன்.

அவள் எண்ணினாள், நான் சுற்றினேன். "ஒரு சுத்து... ஒன்பது துளை... பூட்டுங்க." இருபத்தெட்டு முறை. ளுஹர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன் கடைசி இடைவெளி வெட்டி முடிந்தது. கடைசிப் பல் மற்றவற்றின் தடிப்பிலேயே நின்றது. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்காரர் கொடுத்த கூலியில் டிவைடிங் ஹெட்டின் வாடகையைத் தங்கையிடம் தனியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், இம்முறை அவள் முகத்தில் தயக்கம் இல்லை.

தாவூது நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்ததையே உண்டார்கள் என்று மத்ரஸாவில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கையுழைப்பு தூய்மையாக இருக்க, கையில் உள்ள கருவி முதலில் நமக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதை இப்போதுதான் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தார்ப்பாய் இருக்கலாம். அதன் கீழ் ஒரு தையல் இயந்திரமோ, தராசோ, மரப்பெட்டியோ கிடக்கலாம். சிறியது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாலை, வாரிசுகள் அனைவரையும், குறிப்பாக உங்கள் தாயையும் சகோதரிகளையும் அழைத்து உட்கார வைத்துத் தார்ப்பாயை விலக்குங்கள். துருவை அகற்றுவது அதற்குப் பின்பு எளிது.

அல்லாஹ் எங்கள் அத்தாவின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. ஒன்பது ஆண்டு தாமதத்தை மன்னிப்பானாக. ஆமீன்.